சமைக்கிறவங்க வந்து நில்லுங்க

டாக்டர் சொன்னதை மென்று முழுங்கிவிட்டுச் சின்னவன் ஆஸ்பத்திரிப் படியிறங்கி வந்தானே, அந்த இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். முழுங்கினது செரிக்க வேண்டாமா? செரிக்கவில்லை. வாரம் பூரா நெஞ்சுக்குழியிலேயே நின்றது.

அக்காவின் முதுகுத்தண்டில் அடிபட்ட இடம் இனி சரியாகாது. அவள் இனிமேல் எழுந்து நிற்கப்போவதில்லை. இது அவன் ஒருத்தனுக்குத்தான் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. பக்கத்திலேயே படுத்துத் தூங்குகிற மனைவிக்கும் தெரியாது.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டே நாளை ஓட்டிவிட்டான். லிப்ட் மெக்கானிக் அவன். நடு மாடியில் மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களிடம், "பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்" என்று கதவிடுக்கு வழியாகத் தைரியம் சொல்லியே பழகின வாய். பெற்ற தாயிடம் ஒரு வார்த்தை சொல்ல வரவில்லை.

வீட்டிலோ வேறு கூத்து. சமையலறையை இடித்துக் கட்டப்போகிறார்கள்.

எல்லாம் அம்மாவின் பிடிவாதம். அந்தச் சமையலறையில்தான் அக்கா விழுந்தாள். பரணில் கிடந்த பெரிய பாத்திரத்தை எடுக்க முக்காலி மேல் ஏறினாள். தரையில் எண்ணெய்ப் பிசுக்கு. முக்காலி வழுக்க, மேடை விளிம்பில் முதுகு போய் மோதியது. கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"என் பொண்ணைச் சாய்ச்ச இடம்டா அது. அவ வீட்டுக்கு வர்றதுக்குள்ள அந்தத் தரையும் இருக்கக் கூடாது, அந்த மேடையும் இருக்கக் கூடாது" என்று அம்மா ஒரே பிடியாய்ப் பிடித்துவிட்டாள்.

நாளைக்கு அக்கா வருகிறாள். இன்றைக்கு இடிக்கிறார்கள்.

காலையிலேயே சமையலறை மொத்தமும் கூடத்துக்குக் குடிவந்துவிட்டது. டம்ளர் ஒரு பெட்டி, மூடி ஒரு பெட்டி, எந்தப் பாத்திரத்துக்கும் சேராத மூடிகள் தனியாக இன்னொரு பெட்டி. மூலையில் ஒரு பழைய மேஜை மேல் அடுப்பு, கீழே சிலிண்டர். இதற்கு நடுவில் மனைவியின் தையல் மெஷின்.

"ஒரு கல்யாணப் பொண்ணோட துணி கையில இருக்கு. எந்தக் கரண்டியை உள்ள வச்சுத் தைக்கப்போறேனோ தெரியல" என்று அவள் புலம்பினாள்.

அவளுக்கும் சமையலுக்கும் வெகுதூரம். அவள் ஒரு முட்டையை ஒழுங்காக வேகவைத்தால் ஊரில் மழை பெய்யும். அந்த வீட்டு அடுப்பு அக்காவின் கையில்தான் இருந்தது. கல்யாணமாகி மூன்றாம் மாசமே ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள் அக்கா. ஏன், என்ன என்று இன்றுவரை வாய் திறந்ததில்லை. "யார் கையையும் பார்த்துச் சாப்பிட மாட்டேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாளே அடுப்பைப் பற்றவைத்தாள். ஆபீஸ் ஆபீஸாகச் சாப்பாட்டு டப்பா போக ஆரம்பித்தது. அந்த டப்பாவில்தான் இந்தக் குடும்பம் தலை நிமிர்ந்தது.

மேஸ்திரி வந்தார். காதில் பென்சில், கையில் சாக்குக்கட்டி, பின்னால் ஒரு ஆள் சுத்தியலோடு. காலிச் சமையலறையை ஒரு சுற்று பார்த்தார்.

"அடுப்பு ஜன்னல் பக்கம், சிங்க் குழாய்ப் பக்கம். அதெல்லாம் பேசியாச்சு. உயரம்தான் பாக்கி. சமைக்கிறவங்க யாரு? வந்து நில்லுங்க."

அது அவர் வழக்கம். டேப்பை நம்ப மாட்டார். சமைக்கிறவர் சுவரில் சாய்ந்து நின்று முழங்கையை மடக்க வேண்டும். முழங்கைக்குக் கீழே அரைச் சாண் விட்டுக் கோடு போடுவார். "புத்தகத்துல போட்டிருக்கிற உயரம் புத்தகத்துக்குத்தான் சமைக்கும்" என்பார்.

யாரும் அசையவில்லை. சின்னவன் அம்மாவைப் பார்த்தான். இதோ, கேட்டுவிட்டார். இதைவிடச் சொல்வதற்கு வேறு நேரம் வருமா?

"சமைக்கிறவ நாளைக்குத்தான் வர்றா" என்றாள் அம்மா.

"அப்ப நாளைக்கே அளவெடுக்கலாமேம்மா?" என்றார் மேஸ்திரி. உடனே அவரே தலையை ஆட்டினார். "அதுவும் முடியாது. மேடையைத் தாங்குற கல்லை உயரத்துக்கு அறுக்கணும். கல் அறுக்கிறவன் இன்னைக்குச் சாயங்காலத்தோட வெளியூர் வேலைக்குக் கிளம்புறான். போனா ஒரு மாசம். அறுத்தது அறுத்ததுதான். அப்புறம் ஏத்தவும் முடியாது, இறக்கவும் முடியாது."

"அத்தை, நான் நிக்கட்டுமா? நானும் அண்ணியும் ஒரே உயரம்தான்" என்றாள் மனைவி.

"சமைக்கிறவ அவதான்" என்றாள் அம்மா.

வெடுக்கென்று சொல்லிவிட்டாள். மனைவிக்குச் சுருக்கென்றது. மெஷினுக்குத் திரும்பிவிட்டாள்.

அம்மா கூடத்துக்குப் போய் ஒரு பெட்டியைக் கிளறினாள். திரும்பி வரும்போது கையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. அக்காவின் சமையலறைச் செருப்பு. மணிக்கணக்காய் நின்றால் குதிகால் வலிக்கிறது என்று தடிப்பாகப் பார்த்து அவளே தேடி வாங்கியது. அவள் பாதம் அழுந்தி அழுந்தி இரண்டிலும் பள்ளம் விழுந்திருந்தது.

"என்னைவிட அவ நாலு விரல் உசரம். இதைப் போட்டுக்கிட்டா சரியா வரும்" என்று சொல்லி அம்மா செருப்பில் காலை நுழைத்தாள். சுவரில் சாய்ந்தாள். அப்படியும் போதவில்லை போலிருக்கிறது. குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

வயசான கால். நடுங்கியது. மேஸ்திரி கோடு போட்டு முடிக்கிறவரைக்கும் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

சின்னவனுக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"எப்படி?" என்று திரும்பிக் கோட்டைப் பார்த்தாள் அம்மா. வெள்ளைக் கோடு சுவர் நீளத்துக்கு நேராக ஓடியது. "இந்த உசரத்துல நின்னு அவ வேலை செஞ்சா இடுப்பு வலிக்காது, இல்ல மேஸ்திரி?"

"வலிக்கவே வலிக்காது" என்றார் அவர், பாவம்.

அம்மா செருப்பைக் கழற்றித் துடைத்தாள். ஒரு துணிப்பையில் போட்டுச் சின்னவன் கையில் கொடுத்தாள். "நீ இப்ப ஆஸ்பத்திரிக்குத்தானே போறே? இதை அவகிட்ட குடு. நாளைக்கு இதைப் போட்டுக்கிட்டே வீட்டுக்குள்ள வரட்டும். பழகின செருப்பு, தடுமாறாது."

பையை வாங்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். மேஸ்திரி புகைக்கிறதற்காக வெளியே நின்றிருந்தார்.

"மேஸ்திரி, அந்த உயரத்தை எப்ப வரைக்கும் மாத்தலாம்?"

"கல்லுக்காரன் போன் பண்றவரைக்கும். ஏன் கேக்குறே?"

"சும்மாதான்."

"சும்மா கேக்குறவன் மூஞ்சி இப்படி இருக்காதுப்பா" என்றார். ஆனால் மேலே தோண்டவில்லை.

ஆஸ்பத்திரியில் அக்கா படுக்கையில் இல்லை. "பயிற்சி அறையில இருக்காங்க" என்றார்கள்.

அந்த அறையில் ஒரு மூலையில் சின்னதாக ஒரு சமையலறையே கட்டிவைத்திருக்கிறார்கள். வீட்டுக்குப் போகிறவர்கள் உட்கார்ந்தபடியே வேலை செய்து பழகுவதற்காக. மேடை தாழ்வாக இருந்தது. அடியில் அலமாரி கிடையாது. வெறும் இடம். சக்கர நாற்காலியோடு முழங்கால் உள்ளே போவதற்கான இடம். அக்கா அந்த மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னைக்காவது ஒரு டீ போடுறீங்களாக்கா?" என்று பயிற்சி கொடுக்கிற பெண் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போடும்மா. குடிச்சுப் பார்த்து மார்க் போடுறேன்" என்றாள் அக்கா.

"தினமும் இதையேதான் சொல்றாங்க" என்று அந்தப் பெண் சின்னவனிடம் குறைப்பட்டுக்கொண்டு நகர்ந்தாள்.

"என்னடா, மூஞ்சி ஊறப்போட்ட துணி மாதிரி இருக்கு?" என்றாள் அக்கா. "மேடைக்கு அளவெடுத்தாச்சா?"

"ஆச்சு."

"யாரு நின்னது?"

"அம்மா. உன் செருப்பைப் போட்டுக்கிட்டு, குதிகாலைத் தூக்கிக்கிட்டு நின்னாங்க."

அக்கா சிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். அவன் பையை மடியில் வைத்ததும் உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு செருப்பை எடுத்தாள். பள்ளத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

இதுதான் சமயம் என்று சின்னவன் நினைத்தான். சொல்வதற்கு அல்ல, அந்தத் தைரியம் எங்கே! ஷூ கயிற்றைக் கட்டுகிறவன் போலக் குனிந்தான். வேலைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, சக்கர நாற்காலியில் அவள் முழங்கை ஊன்றியிருந்த கட்டைக்கும் தரைக்கும் சத்தமில்லாமல் நீட்டினான்.

"டேப்பை உள்ள வை" என்றாள் அக்கா, திரும்பாமலே.

அவன் அப்படியே குந்தியிருந்தான். தலை நிமிரவில்லை.

"உனக்கு... தெரியுமா?"

"என் காலைப் பத்தி என்கிட்ட சொல்லாம உன்கிட்ட மட்டும் சொல்லுவாரா அந்த மனுஷன்? நான்தான்டா முதல்ல கேட்டேன். நடப்பேனா, மாட்டேனா, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கன்னேன். சொல்லிட்டார். போர்வையை வாயில அடைச்சுக்கிட்டு ஒரு நாள் அழுதேன். அதோட சரி. நீ ஒரு வாரமா என் எதிர்ல உட்கார்ந்து முழிக்கிற முழியைப் பார்த்தப்பவே தெரிஞ்சுபோச்சு, உனக்கும் சொல்லிட்டார்னு."

அவன் டேப்பைப் பைக்குள் போட்டான். "அக்கா, அம்மா போட்ட கோடு உன் தலைக்கு மேல வரும்க்கா. நீ எப்படி..."

"தலைக்கு மேல வராது. கழுத்துக்கு வரும். கணக்குப் போட்டுட்டேன்." அக்கா செருப்பைப் பையில் போட்டாள். "அந்தக் கோடு அங்கயே இருக்கட்டும்."

"என்னக்கா பேசுறே?"

"கேளு. மேடையைத் தாழ்வா போட்டா என்ன ஆகும்? வீட்டுக்கு வர்றவன் போறவன் எல்லாம் முதல்ல மேடையைப் பார்ப்பான். அப்புறம் என்னைப் பார்ப்பான். அப்புறம் உச்சுக் கொட்டுவான். உன் பொண்டாட்டி ஆயுசு பூரா குனிஞ்சே பாத்திரம் கழுவணும். அவளுக்கு என்ன தலையெழுத்து? அம்மா இருக்காளே, நான் நடந்து வருவேன்கிற நினைப்புலதான் ரெண்டு வாய் சாப்பிடுறா. அதையும் பிடுங்கணுமா? கொஞ்ச நாள் போகட்டும். நாளாக ஆக அவளுக்கே தானா விளங்கும்."

"அதுவரைக்கும் நீ வீட்டுல என்ன செய்வே?"

"ஜன்னல் இருக்கு. தெரு இருக்கு."

இப்படிப் பேசுகிறவளா அக்கா? காய்கறிக்காரன் தராசைத் தொட்டாலே எகிறுகிறவள். சின்னவனுக்கு அழுகையைவிடப் பயம்தான் முதலில் வந்தது.

"நான் மேஸ்திரிகிட்ட சொல்லி மாத்தப்போறேன்" என்றான்.

"மாத்து. மாத்தினா நான் வரமாட்டேன்." குரல் உயரவே இல்லை. "இந்த ஆஸ்பத்திரிக்குப் பின்னாலயே ஒரு விடுதி இருக்கு, என்னை மாதிரி ஆளுங்களுக்கு. இடம் இருக்குன்னு சொல்லிட்டாங்க. தாழ்ந்த மேடை இருக்கிற வீட்டுக்கு நான் வரல. அம்மாகிட்ட வாயைத் திறந்தாலும் வரல. புரியுதா?"

புரிந்தது. ஒரே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கட்டினவன் வீட்டு வாசலைத் தாண்டினவள் அவள். சொன்னால் செய்வாள்.

"இந்தப் பையை எடுத்துட்டுப் போ" என்று நீட்டினாள். "அம்மா கண்ணுல படாம எங்கயாவது போட்டுடு."

வழியில் ஒரு குப்பைத் தொட்டி வந்தது. நின்றான். பையைத் தூக்கினான். அக்காவின் பாதம் பதிந்த செருப்பைக் குப்பையில் எறிய எந்தத் தம்பிக்குக் கை வரும்? இடுக்கிக்கொண்டு நடந்தான். வாயைத் திறப்பதில்லை, கோடு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், அக்கா வீட்டுக்கு வந்தால் போதும் என்று முடிவு பண்ணிக்கொண்டுதான் வந்தான். அந்த ஒன்றையாவது நாம் நம்பத்தான் வேண்டும்.

வாசலிலேயே அம்மா. "மருந்தா? குடு இப்படி" என்று பையை வாங்கிவிட்டாள்.

அவனுக்கு உயிரே போய்விட்டது. தடுப்பதற்குள் அம்மா கையை விட்டுச் செருப்பை வெளியே எடுத்தாள்.

"ஏன்டா திரும்பக் கொண்டுவந்தே?"

"அது... வந்து..."

"கால் வீங்கியிருக்கா?"

நல்ல பொய்யாக அவளே எடுத்துக் கொடுத்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினால் போதும். அவனும் ஆட்டிவிட்டான்.

"அதானே பார்த்தேன். படுத்தே கிடந்தா வீங்கத்தான் செய்யும்" என்றாள் அம்மா. அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் எண்ணெய் ஊற்றிக்கொண்டாள். செருப்பின் வாரில் எண்ணெயைத் தேய்த்து, இரண்டு கையாலும் பிடித்து இழுத்து இழுத்து விட்டாள். "கொஞ்சம் இளகிடும். நாளைக்குள்ள அவ காலுக்குச் சரியா வந்துடும் பாரு."

தேய்த்தாள். இழுத்தாள். அளந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். உள்ளே சுவரில் வெள்ளைக் கோடு. மேஸ்திரி காதில் போன். கல்லுக்காரன் லைனில் இருந்தான். "இந்தா, உயரம் சொல்றேன், எழுதிக்க" என்று அவர் ஆரம்பித்தார்.

"அம்மா, விடும்மா" என்றான் சின்னவன்.

"இருடா, இந்த ஒரு பக்கம்தான்..."

"அவளுக்கு இனி செருப்பு வேண்டாம்மா."

அம்மாவின் கை நின்றது.

"அவ இனிமே நிக்க மாட்டா. டாக்டர் சொல்லிட்டார். இனிமே உட்கார்ந்துதான், எல்லாமே உட்கார்ந்துதான்."

தையல் மெஷின் நின்றுவிட்டது. மேஸ்திரி போனை மார்போடு அமுக்கிக்கொண்டார்.

"வாயைக் கழுவு!" என்று கத்தினாள் அம்மா. கையிலிருந்த செருப்பாலேயே அவன் தோளில் ஒரு அடி விட்டாள். ரப்பர்தான், வலிக்கவில்லை. பெற்றவள் கையால் இவ்வளவு பொருத்தமாகச் செருப்படி வாங்கினவன் வேறு எவனும் இருக்க மாட்டான். நிற்கவே தோன்றியது, நின்றான்.

"எப்ப சொன்னான் அந்த டாக்டர்?"

"போன வாரம்."

"போன வாரமா!" அம்மாவின் குரல் உடைந்தது. "அப்ப காலையில நான் இதை மாட்டிக்கிட்டு அந்தச் சுவர்ல நின்னேனே. குதிகாலைத் தூக்கிக்கிட்டு நின்னேனேடா, பைத்தியக்காரி மாதிரி. நீ பார்த்துக்கிட்டுதானே இருந்தே?"

தலையைக் குனிந்துகொண்டான். மிச்சத்தையும் கொட்டிவிட்டான். அக்காவுக்கு எல்லாம் தெரியும், மேடை தாழ்ந்தால் தம்பி பொண்டாட்டி ஆயுசு பூரா குனியணுமே என்கிறாள், தாழ்த்தினால் வீட்டுக்கு வரமாட்டாள், விடுதியில் இடம் பேசி வைத்திருக்கிறாள், அம்மாவிடம் சொல்லக் கூடாது என்று சொன்னாள். சொல்லச் சொல்ல அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

மனைவிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எனக்காகத்தானாமா அண்ணி அப்படிச் சொல்றாங்க? நான் குனியணுமேன்னா? நாள் பூரா உட்கார்ந்து தைக்கிறவ நான். ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பாத்திரம் கழுவ எனக்குத் தெரியாதா? நின்னுக்கிட்டுதான் சமைக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

சொல்லிவிட்டு அழுதாள். ஒரு வாரமாகத் தன்னிடமும் மறைத்த புருஷனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தக் கணக்கை அவள் தனியாகத் தீர்ப்பாள்.

"அம்மா, கல்லுக்காரன் வண்டி ஏறப்போறேங்கிறான்" என்றார் மேஸ்திரி மெதுவாக. "என்ன உயரம் சொல்லட்டும்?"

அம்மா எழுந்தாள். கூடத்துப் பெட்டிகளுக்கு நடுவே கிடந்த முக்காலியை இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அதே முக்காலி. அதைத் தூக்கி எறிய ஆளாளுக்குச் சொல்லியும் அவள்தான் விடாமல் வைத்திருந்தாள். சுவரோரம் போட்டு உட்கார்ந்தாள். முதுகைச் சுவரில் சாய்த்து முழங்கையை மடக்கினாள்.

"சமைக்கிறவ உட்கார்ந்திருக்கேன் மேஸ்திரி. கோடு போடுங்க."

"அத்தை, முக்காலி தாழ்வா இருக்கு. அண்ணி நாற்காலி இன்னும் உசரம் இருக்கும்ல?" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தைக்கிற துணி இரண்டை மடித்துக் கொண்டுவந்தாள். கல்யாணப் பொண்ணின் துணிதான். சின்னவன் டேப்பை நீட்டினான். ஆஸ்பத்திரியில் திருட்டுத்தனமாகப் பார்த்த அளவு அவனுக்கு மறக்கவில்லை. முழங்கை அந்த அளவுக்கு வரும்படி முக்காலி மேல் துணியை மடித்து வைத்து அம்மாவை மறுபடி உட்காரவைத்தார்கள். நாலு விரல் உசரத்துக்காக அம்மா முதுகை நிமிர்த்திக்கொண்டாள்.

மேஸ்திரி கோடு போட்டார். "அடியில செங்கல் கட்ட மாட்டேன். முழங்கால் போக இடம் விடுறேன்" என்றார். போனில் உயரம் சொன்னார்.

இரண்டு கோடு இருந்தது சுவரில். அம்மா எழுந்து மேல் கோட்டை உள்ளங்கையால் அழித்தாள். ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை தேய்த்துக்கொண்டே போனாள். கை பூரா சுண்ணாம்பு. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள். அழுது முடிக்கும்வரை யாரும் கிட்டே போகவில்லை.

சின்னவனின் போன் அடித்தது. அக்கா.

அவன் எடுப்பதற்குள் அம்மா வாங்கிக்கொண்டாள். எப்போதும் போலச் சத்தமாகக் கேட்கும்படி பொத்தானை அமுக்கினாள்.

"டேய், கல் அறுக்கச் சொல்லியாச்சா? எந்த உயரம்?" என்றது அக்காவின் குரல்.

"உட்கார்ந்து சமைக்கிற உயரம்" என்றாள் அம்மா.

அந்தப் பக்கம் ஒரு தள்ளுவண்டி உருளும் ஓசை கேட்டது.

"சொல்லிட்டானா?"

"சொல்லிட்டான்."

"அப்ப நாளைக்கு வண்டி அனுப்பாதீங்க. நான் வரல."

"வராதே" என்றாள் அம்மா.

சின்னவன் பதறிப்போய்க் கையை நீட்டினான். அம்மா தட்டிவிட்டாள்.

"வராதேடி. நீ வந்து பத்தவைக்கிற வரைக்கும் இந்த வீட்டு அடுப்பு எரியாது. நானும் சாப்பிடல, உன் தம்பியும் சாப்பிடல, அவன் பொண்டாட்டியும் சாப்பிடல. உனக்கு ஒரு பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போகத் தெரியும்னா, எனக்கு வயித்தைக் காயப்போடத் தெரியும். பார்த்துடலாம்."

"அம்மா..."

"வை போனை."

அக்கா வைக்கவில்லை. அம்மாதான் வைத்தாள். நேரே கூடத்து மூலைக்குப் போனாள். குனிந்து சிலிண்டர் ரெகுலேட்டரைக் கழற்றினாள். மடியில் கட்டிக்கொண்டாள்.

"மேஸ்திரி, இடிங்க" என்றாள்.

சுத்தியல் விழுந்தது. அக்காவின் முதுகை உடைத்த விளிம்பு முதல் அடியிலேயே பெயர்ந்து விழுந்தது. தூசி கூடத்துக்கும் வந்தது. சின்னவனுக்குக் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. தலை சுற்றியது.

"அம்மா, ஒரு வாய் டீயாவது..." என்றான்.

"அவ வந்து போடுவா" என்றாள் அம்மா.